சிங்கப்பூரில் நான் கத்திய ஒரு சொல்

2005 ஆகஸ்ட் 21, ஞாயிறு

காலையில் தண்ணீர் வரவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. நான் வேலை பார்க்கிற ஸ்கேன் சென்டர் லீவாயிற்றே, ஒரு நாளாவது சும்மா உட்காரலாம் என்று பார்த்தால் மாடிப்படியில் தடதடவென்று சத்தம். தம்பி ஸ்ரீநாத்தான். சென்னையிலிருந்து நேராக வருகிறான், முகம்கூடக் கழுவவில்லை. ஜெயித்துவிட்டார்களாம். நவம்பரில் சிங்கப்பூராம்.

அப்பா பேப்பரை மடிக்காமலே எதில் ஜெயித்தாய் என்று கேட்டார். கம்ப்யூட்டர் விளையாட்டில் என்றான். "அதற்கு எதற்கு சிங்கப்பூர்? கீழவாசல் பிரவுசிங் சென்டரிலேயே இருக்கிறதே" என்றார் அப்பா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம்பி முறைத்தான்.

இந்தப் பக்கத்தில் அவர்கள் பேசியதை எல்லாம் தமிழில் எழுதுகிறேனே தவிர, எங்கள் வீட்டில் யாரும் தமிழில் பேசுவதில்லை. சௌராஷ்டிரம்தான். அதற்கு எழுத்து இருக்கிறதாம், எனக்குத் தெரியாது. கோபம் வந்தாலும் டைரியில் தமிழில்தான் கோபப்பட வேண்டியிருக்கிறது.

அந்தப் பாஷையால்தான் சென்னையில் ஜெயித்தார்கள் என்றால் யார் நம்புவார்கள். விளையாட்டுக்கு சி.எஸ். என்று பெயர். அஞ்சு பேருக்கு அஞ்சு பேர், துப்பாக்கி. எதிராளி எங்கே ஒளிந்திருக்கிறான் என்று ஒருவன் கத்த வேண்டும், மற்றவன் போய்ச் சுட வேண்டும். மேசைகள் அடுத்தடுத்து இருப்பதால் இவர்கள் கத்துவது எதிராளிக்கும் கேட்கும். அதனால் எங்கள் பாஷையில் கத்துகிறார்கள். அஞ்சு பேரில் ஸ்ரீநாத் ஒருவன்தான் எங்கள் ஆள். மற்ற நாலு பேருக்கும் கோடை விடுமுறையில் மொட்டை மாடியில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தது நான். மேலே, கீழே, முன்னால், பின்னால், வருகிறான், செத்தான். கேப்டன் முத்துக்குமரன் வாயில் எங்கள் பாஷை சோற்றில் கல் அகப்பட்ட மாதிரி கடகடக்கும். ஆனால் ஒரு சொல்லையும் மறக்கமாட்டான்.

இன்று பெருமையாக இருக்கிறது. எழுதி வைக்கிறேன்.

2005 ஆகஸ்ட் 28, ஞாயிறு

பதினெட்டு ஆகாத பையனோடு வீட்டுப் பெரியவர் ஒருவர் வர வேண்டுமாம். ஸ்ரீநாத்துக்குப் பதினேழு. அப்பாவால் ஜவுளிக் கடையை விட முடியாது. அம்மாவால் படி இறங்க முடியாது. மிச்சம் நான்தான்.

கல்யாணமாகாத பெண்ணைக் கடல் தாண்டி அனுப்பினால் நாளைக்கு வரன் வீட்டில் என்ன சொல்லுவேன் என்று அம்மா புலம்பினாள். சிங்கப்பூர் பார்த்த பெண் என்று சொல், இரண்டு வரன் கூட வரும் என்றேன். இருபத்தொன்பது வயதுக்கு அதெல்லாம் வராது என்றாள். பெற்ற வாய்!

2005 செப்டம்பர் 19, திங்கள்

பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை. வந்தவர் காபி குடித்தார், போனார்.

2005 அக்டோபர் 9, ஞாயிறு

கீழவாசல் பிரவுசிங் சென்டரில் பையன்களின் பயிற்சி ஆட்டம். நம் மதுரை அண்ணா நகர்ப் பையன்களோடு. நானும் போயிருந்தேன். இப்போதெல்லாம் நான் இல்லாமல் நடப்பதில்லை.

நம் ஊரில் ஆட்டம் பார்ப்பது என்றால் சும்மா பார்ப்பதா? ஒவ்வொருவன் முதுகுக்குப் பின்னாலும் நாலு பேர் நிற்கிறார்கள். "மாப்ள, சன்னல்ல ஒருத்தென், சன்னல்ல!" என்று எதிராளியின் திரையைப் பார்த்துக் கத்துகிறார்கள். அந்தப் பக்கத்து ஆட்களும் கத்துகிறார்கள். யாரும் தப்பு என்று நினைப்பதில்லை. கபடி நடந்தால் கோட்டுக்கு வெளியே நின்று கத்தமாட்டோமா, அது மாதிரிதான். நானும் கத்தினேன். தொண்டை கட்டிவிட்டது. நாளை ஸ்கேன் சென்டரில் பேஷன்ட் பெயரை எப்படிக் கூப்பிடப் போகிறேனோ.

முடிந்ததும் முத்துக்குமரன் டீ வாங்கிக் கொடுத்தான். உசிலம்பட்டியிலிருந்து தினம் பஸ்ஸில் வந்து காலேஜ் கடைசி வருடம் படிக்கிறான். ஆட்டத்தில் அவனுக்கு ஒரு வேலை உண்டு. மற்றவர்கள் முன்னால் போகும்போது பின்பக்கம் பார்த்துக்கொள்வது. யாருக்கும் தெரியாத வேலை, யாரும் கை தட்டாத வேலை. ஆனால் இவன் இருந்தால்தான் ஸ்ரீநாத் தைரியமாக முன்னால் ஓடுகிறான்.

பெங்களூர்க் கம்பெனி ஒன்று சம்பளம் கொடுத்து ஒரு டீம் வைக்கப் போகிறதாம். சிங்கப்பூரில் முதல் எட்டுக்குள் வந்தால் இந்த அஞ்சு பேரையும் அப்படியே எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்ரீநாத்துக்கு இது இல்லாவிட்டால் இன்னொன்று. முத்துக்குமரனுக்கு அப்படி இல்லை.

"அக்கா, எனக்கு இந்த ஒரு தடவதேன். அடுத்த வருசம் எங்கயாச்சும் வேலைக்குப் போயிருவேன். எங்கய்யா இம்புட்டு நாள் பொறுத்ததே பெருசு" என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான். டீ கிளாஸைக் கீழே வைக்கவில்லை.

2005 நவம்பர் 1, செவ்வாய்

தீபாவளி. மழை. வெடி எல்லாம் நமுத்துப் போயிற்று.

2005 நவம்பர் 16, புதன்

பாண்டியன் எக்ஸ்பிரஸில் சென்னை, அங்கிருந்து விமானம். புளியோதரையைக் கட்டி எடுத்துக்கொண்டேன். அம்மா பெருமாள் கோயில் துளசியை என் பர்ஸில் வைத்து, தம்பியைப் பார்த்துக்கொள், தம்பியைப் பார்த்துக்கொள் என்று நூறு தடவை சொன்னாள். பதினேழு வருடமாக வேறு என்ன செய்கிறேன்?

2005 நவம்பர் 18, வெள்ளி. சிங்கப்பூர்

இப்படி ஒரு குளிரை ஏசி போட்டு வைப்பார்களா! பட்டுப்புடவைக்கு மேல் முத்துக்குமரனின் ஸ்வெட்டர். பார்த்தவர்கள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை நாட்டுப் பையன்களுக்கு நடுவில் புடவை கட்டியது நான் ஒருத்திதான்.

பெரிய மண்டபம். தமுக்கம் மைதானத்துக்குக் கூரை போட்டது போல. மேடையில் இரண்டு வரிசையாகக் கம்ப்யூட்டர், மேலே சினிமாத் திரை. அதில் இரண்டு பக்கத்து ஆட்களும் எங்கே இருக்கிறார்கள் என்று பார்ப்பவர்களுக்குத் தெரியும், ஆடுகிறவர்களுக்குத் தெரியாது. ஜனங்கள் முட்டைக்குள் இருக்கிற மாதிரி அமைதி. ரவுண்டு முடிந்ததும் கை தட்டுகிறார்கள், உடனே நிறுத்திவிடுகிறார்கள். செத்த வீட்டில்கூட இதைவிடச் சத்தமாக இருக்கும்.

எனக்கு மேனேஜர் என்று அட்டை மாட்டிவிட்டார்கள். கூட்டத்தோடு இல்லாமல் பையன்களுக்குப் பின்னாலேயே நாற்காலி. தலைமை நடுவர் ஒரு அம்மா, முடியைக் குட்டையாக வெட்டியவர், சிங்கப்பூர்த் தமிழர். விதிகளை எல்லாருக்கும் இங்கிலீஷில் சொல்லிவிட்டு எனக்குத் தனியாகத் தமிழில் சொன்னார். நாற்காலியில் இருப்பவர் ஆட்டம் நடக்கும்போது ஆட்டக்காரரிடம் பேசவே கூடாது. நான் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன்.

இன்று ஒரு ஆட்டம், ஜெயித்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

2005 நவம்பர் 19, சனி

மறுபடியும் ஜெயம்! நாளை ஒன்று. அதையும் ஜெயித்தால் முதல் எட்டு. முத்துக்குமரன் உசிலம்பட்டி டெலிபோன் பூத்துக்கு ஐ.எஸ்.டி. போட்டு யாரையோ ஓடிப்போய் அவன் அப்பாவைக் கூட்டிவரச் சொன்னான். அவர் வருவதற்குள் போன் கார்டில் பணம் தீர்ந்துவிட்டது.

2005 நவம்பர் 20, ஞாயிறு

கத்திட்டேன்.

என்னாலதான். எல்லாம் என்னாலதான். பெருமாள் பேரை வேற இழுத்தேனே — என்ன ஜென்மம் நான்?

2005 நவம்பர் 21, திங்கள்

விமானத்தில் எழுதுகிறேன். பக்கத்து சீட்டில் ஸ்ரீநாத், கண்ணை மூடியிருக்கிறான், தூங்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டால் தேவலை.

எதிரில் பிலிப்பைன்ஸ் பையன்கள். பதினாறு ரவுண்டு முதலில் எடுப்பவர்களுக்கு ஜெயம். நாங்கள் பதினாலு, அவர்கள் பன்னிரண்டு. அந்த ரவுண்டில் முத்துக்குமரன் சீக்கிரமே செத்துவிட்டான். ஆட்டத்தில் செத்தவன் பேசக்கூடாது என்பது எங்கள் பையன்களுக்குள்ளேயே ஒரு வழக்கம், அதனால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கடைசியில் ஸ்ரீநாத் ஒருவன், எதிரில் ஒருவன். இவன் வாசலைப் பார்த்தபடி நிற்கிறான். திரையில் பார்க்கிறேன், எதிராளி பூனை மாதிரி இவன் முதுகுப் பக்கம் வருகிறான். பின்பக்கம் பார்க்க யாரும் இல்லை. நான் இருந்தேன்.

"பின்னால்!"

எங்கள் பாஷையில். அந்த ஒரு சொல். சொல்ல வேண்டும் என்று நினைக்கக்கூட இல்லை, சின்ன வயதில் சைக்கிள் விடும்போது லாரி வந்தால் எப்படிக் கத்துவேனோ அப்படி வந்துவிட்டது. ஸ்ரீநாத் திரும்பினான், சுட்டான். கை தட்டினார்கள். அந்த ஒரு நொடி எனக்கு எவ்வளவு சந்தோஷம்! எதிரணிக் கேப்டன் கையைத் தூக்குவதைப் பார்த்த பிறகுதான் என்ன செய்தேன் என்று புரிந்தது.

ஆட்டத்தை நிறுத்தினார்கள். என்னை ஒரு அறைக்கும் ஸ்ரீநாத்தை இன்னொரு அறைக்கும் கூட்டிப்போனார்கள். நடுவர் அம்மா எதிரில் உட்கார்ந்து தண்ணீர் கொடுத்தார். குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னைக் கெடுத்தது.

"நானும் தமிழ்தாம்மா. உங்க பசங்க பேசுறது தமிழ் இல்லன்னு நேத்தே கவனிச்சேன். அதுல ஒண்ணும் தப்பில்ல. நீங்க இப்ப என்ன சொன்னீங்க, அத மட்டும் சொல்லுங்க" என்றார்.

இந்த ஊரில் எங்கள் பாஷை ஒருவருக்கும் தெரியாது. நான் சொல்வதுதான் அர்த்தம். அப்படித்தான் நினைத்தேன். வீட்டில் அப்பாவிடம், பள்ளிக்கூடத்தில் வாத்தியாரிடம், தம்பிக்காக எத்தனை பொய் சொல்லியிருக்கிறேன், ஒன்றாவது மாட்டியதா?

"சாமி பேரைச் சொன்னேங்க. பதட்டத்துல பெருமாளேன்னு கூப்புட்டேன்."

எழுதிக்கொண்டார். வெளியே போனார். திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது. ஸ்ரீநாத் உள்ளபடியே சொல்லியிருக்கிறான். பின்னால் ஆள் இருக்கிறான் என்று அக்கா சொன்னாள், வாய் தவறி வந்துவிட்டது, அந்த ரவுண்டை எதிரணிக்கே கொடுத்துவிடுங்கள் என்று. அக்காவும் உண்மையைத்தான் சொல்லுவாள் என்று நம்பியிருக்கிறான்.

"நீங்களும் இதையே சொல்லியிருந்தா அந்த ஒரு ரவுண்டோட முடிஞ்சிருக்கும்மா" என்றார் அவர். பதினாலுக்குப் பதிமூன்று ஆகியிருக்கும். அப்போதும் நாங்கள்தான் முன்னால்.

டீம் மேனேஜர் நடுவரிடம் பொய் சொன்னதால் டீமையே விலக்கினார்கள். ஒரு வருடத் தடை. ஒலிபெருக்கியில் மதுரை என்று சொன்னது மட்டும் எனக்குப் புரிந்தது.

முத்துக்குமரன் ஹெட்போனின் வயரைச் சுற்றி மடித்து, ரப்பர் பாண்டு போட்டு, பையில் வைத்தான். என்னைப் பார்த்து "வாங்கக்கா, போவோம்" என்றான். திட்டியிருக்கலாம். அவன் ஸ்வெட்டரைத்தான் அப்போதும் போட்டுக்கொண்டிருந்தேன்.

2005 நவம்பர் 24, வியாழன்

அப்பா எதுவும் கேட்கவில்லை. தோற்றுவிட்டோம் என்று ஸ்ரீநாத் சொன்னான், சரி பரீட்சைக்குப் படி என்றார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

காலையில் நான் சாப்பிட வா என்று கூப்பிட்டேன். "வாரேன்" என்றான். தமிழில். விளையாட்டுக்கு என்று நினைத்தேன்.

2005 டிசம்பர் 11, ஞாயிறு

விளையாட்டு இல்லை. அம்மாவிடம் எங்கள் பாஷை, அப்பாவிடம் எங்கள் பாஷை, என்னிடம் மட்டும் தமிழ். "சாவி எங்க இருக்கு", "எனக்கு வேணாம்", "நான் போறேன்". மரியாதையாகத்தான் பேசுகிறான். தெருவில் வழி கேட்கிறவரிடம் பேசுவது மாதிரி.

அம்மா இன்று கேட்டேவிட்டாள். "அவன் ஏன் உன்னிடம் தமிழில் பேசுகிறான்? யாரோ வந்திருக்கிறார்கள் என்று நான் காபிக்குப் பால் வைத்துவிடுகிறேன்." சிரித்தேன். பிறகு கொல்லைக் குழாயடியில் போய் அழுதேன்.

அவனிடம் நேராகவே கேட்டேன். என்னிடம் ஏன் நம் பாஷையில் பேசமாட்டேன் என்கிறாய்? அவன் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"யாருக்கும் புரியாதுன்னுதான அக்கா அதுல பொய் சொன்ன" என்றான்.

பொய்யை நான் தமிழில்தான் சொன்னேன். அந்த அம்மாவிடம் தமிழில்தான் பேசினேன். இதை அவனிடம் வாதாடலாமா? வாதாடி என்ன. அவன் சொன்னதன் அர்த்தம் எனக்குத் தெரியும். அந்தப் பாஷையை மறைப்பாக வைத்துக்கொண்டேன். நானேதான் அதை மாடியில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன்.

2006 பிப்ரவரி 5, ஞாயிறு

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் முத்துக்குமரனைப் பார்த்தேன். எங்கள் சென்டர் டாக்டரின் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டு வருகிறேன். அவன்தான் முதலில் பார்த்துக் கூப்பிட்டான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதும் வேலைக்குச் சொல்லிவைத்திருக்கிறார்களாம். பரீட்சை முடிந்ததும் போகிறான். பெங்களூர்க் கம்பெனி வேறு ஊர்ப் பையன்களை எடுத்துக்கொண்டதாம்.

ஸ்வெட்டரைத் துவைத்து வைத்திருக்கிறேன், நீ வந்தால் தருகிறேன் என்றேன். திருப்பூரில் எதற்கு ஸ்வெட்டர் என்றான். பிறகு நான் கேட்காமலே சொன்னான்.

"நீங்க கத்தாட்டியும் அந்த மேட்ச் போயிருக்கும்க்கா. எங்களுக்குக் கை ஓஞ்சு போச்சு. மனசுல வச்சுக்கிறாதீக."

அவன் கை ஓயவில்லை. பதினாலு ரவுண்டு எடுத்திருந்தார்கள், எனக்குத் தெரியாதா. எனக்காக அவனும் ஒரு பொய் சொன்னான். அதை நான் கண்டுபிடித்தது அவனுக்கும் தெரியும். உசிலம்பட்டி பஸ் வந்தது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, எங்கள் பாஷையில் போய் வருகிறேன் என்றான். நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த பட்டியலில் அது இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்து போனபோது கேட்டுக் கற்றிருக்கிறான். உச்சரிப்பு அப்போதும் கல்தான்.

பஸ் திரும்பும் வரைக்கும் கையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

2006 மே 30, செவ்வாய்

ஸ்ரீநாத்தின் மார்க் பரவாயில்லை. பி.சி.ஏ. சேரப் போகிறான். எனக்கு ஒரு வரன் வந்தது, பரமக்குடி. சிங்கப்பூர் எதற்குப் போனாள் என்று கேட்டார்களாம். அம்மா சுற்றிப் பார்க்க என்று சொல்லியிருக்கிறாள். எங்கள் குடும்பத்துக்கே வாய் அப்படித்தான் போல. நானே வேண்டாம் என்றேன்.

2006 நவம்பர் 20, திங்கள்

தடை முடிந்தது. வீட்டில் யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை. சாம்பாரில் உப்பு அதிகம் என்று ஸ்ரீநாத் சொன்னான், தமிழில்.

2007 ஜனவரி 17, புதன்

காணும் பொங்கல். முனிச்சாலைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் சி.எஸ். போட்டி. ஸ்ரீநாத் காலேஜ் பையன்களோடு ஆடுகிறான் என்று அம்மாதான் சொன்னாள். என்னிடம் அவன் சொல்லவில்லை. வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. போனேன்.

மண்டபத்தில் நம் ஊர்ச் சத்தம். சாப்பாட்டு மேசைகளில் கம்ப்யூட்டர், சுவரை மறைத்துக் கட்டிய வெள்ளை வேட்டியில் ஆட்டத்தின் படம். ஒவ்வொரு பையன் முதுகிலும் நாலு பேர். "மாப்ள, மேல பாரு! அண்ணே, வாரான் வாரான்!" நான் வாசல் தூண் பக்கத்தில் நின்றுகொண்டேன். புதுப் பையன்கள் தமிழில்தான் கத்துகிறார்கள். ஸ்ரீநாத்தும்.

கடைசி ரவுண்டு. வேண்டும் என்றே நடந்தது மாதிரி மறுபடியும் அவன் ஒருவன், எதிரில் ஒருவன். எல்லாரும் முன்வாசலைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கிறார்கள். வேட்டியில் ஒரு ஓரத்தில் நான் மட்டும் பார்த்தேன். எதிராளி பின்பக்கமாக வருகிறான். அதே மாதிரி பூனை நடை.

இங்கே கத்தலாம். எல்லாரும் கத்துகிறார்கள். இது மதுரை. யாரும் கையைத் தூக்கமாட்டார்கள். சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன்.

அவன் ஸ்ரீநாத்தைச் சுட்டுவிட்டான். தோற்றுப்போனார்கள். ஸ்ரீநாத் ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பி நேராகத் தூணைப் பார்த்தான். நான் வந்திருப்பது அவனுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரிந்திருக்கிறது.

சேர்ந்து நடந்து வந்தோம். முள்முருங்கை வடைக் கடை தாண்டும்போது கேட்டான்.

"அவன் பின்னால் வந்ததைப் பார்த்தாயா?"

"பார்த்தேன்."

"சொல்லியிருக்கலாமே. இங்கே யார் கேட்கப் போகிறார்கள்."

"முடியவில்லை" என்றேன்.

கொஞ்ச தூரம் போனதும்தான் எனக்கு உறைத்தது. அவன் எங்கள் பாஷையில் கேட்டிருக்கிறான். ‘பின்னால்’ என்ற அந்தச் சொல்லையும் சேர்த்து. நான் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. ஏதாவது சொன்னால் திரும்பவும் தமிழுக்குப் போய்விடுவானோ என்று பயமாக இருந்தது.

"முத்து அண்ணன் இருந்திருந்தால் பின்பக்கம் பார்த்திருப்பான்" என்றான்.

ஆமாம் என்றேன். திருப்பூரில் இன்று லீவு கொடுத்திருப்பார்களா, தெரியவில்லை. ஸ்வெட்டர் என் பீரோவில்தான் இருக்கிறது.

திரும்பிப்போய் வடை வாங்கினோம். அம்மாவுக்கும் சேர்த்து வாங்கிக்கொள் என்றான். அதையும் தமிழில் சொல்லவில்லை.